35-இல் ஒரு பங்குப் போர்க்களம்
(ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"ரிட்டயர் ஆனவன் பொம்மை செய்கிறானாம்" என்று சிலர் சிரிப்பது காதில் விழுகிறது. பொம்மைதான், ஆனால் கணக்கு உண்டு. என் அளவு 35-இல் 1. 175 செ.மீ. சிப்பாய் 5 செ.மீ. ஆவார், 6 மீட்டர் டாங்கி 17 செ.மீ.

நான் எடுத்துக்கொண்டது 1971 டிசம்பர் 5, ராஜஸ்தானின் லோங்கேவாலா. பாகிஸ்தான் டாங்கிகளைப் பஞ்சாப் ரெஜிமெண்டின் சுமார் 120 வீரர்கள் இரவு முழுக்கத் தடுத்து நின்றார்கள். விடிந்ததும் ஜெய்சல்மரிலிருந்து ஹண்டர் விமானங்கள் வந்தன.

முதலில் கடற்கரை மணலைக் கொட்டி, பளபளவென்று ஒரு டாங்கியை நிறுத்தினேன். ராணுவத்தில் இருந்த நம் வகுப்புத் தோழன் பார்த்தான். "என்னடா, மணல் ஒவ்வொண்ணும் கூழாங்கல் மாதிரி இருக்கு! வண்டி வந்த தடம் எங்கடா? வானத்துலேருந்தா குதிச்சுது?" என்றான்.

உண்மைதானே! அளவு மணலுக்கும் உண்டு. அத்தனையையும் பிரித்தேன். துணியில் சலித்த மண்பொடியைப் பசைமேல் தூவி, காயுமுன் தடம் பதித்தேன். அன்று விமானத்திலிருந்து எடுத்த படத்தில் டாங்கிகள் சுற்றிச் சுற்றி வந்த தடங்கள் தெரியும்; அதையே பார்த்துச் செய்தேன். டாங்கிக்குப் புழுதி பூசினேன். பக்கத்தில் விழுந்து கிடக்கும் எதிரிச் சிப்பாய் ஒருவனையும் வைத்தேன்.

மறுபடி வந்தவன் நெடுநேரம் பேசவில்லை. அந்தச் சிப்பாயைக் காட்டி, "நாம காலேஜை விட்டுப் போன வயசுடா இவனுக்கு" என்றான். அதன்பின் பொம்மை என்று நான் சொல்வதில்லை.

மாணவர்களே, செய்ததைத் தெரிந்தவரிடம் காட்டுங்கள், பிரிக்கத் தயங்காதீர்கள்.