சுமத்ரா காற்று வருகிறது
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



நம் அப்பாமார் பலர் விடியற்காலை நாலு மணிக்கெல்லாம் மோட்டார் சைக்கிளில் ஜொகூர் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார்கள். ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் ‘சுமத்ரா’ என்னும் சூறைக்காற்றும் இடிமழையும் வருகின்றன.

தேக்காவில் காலையில் காய்கறி இறக்குகிறவர்களைக் கேட்டால், “திடீர்னு வந்திடுச்சுங்க” என்பார்கள். திடீரென்று இல்லை, ஐயா! அது நடுராத்திரியிலேயே பிறந்துவிடுகிறது. இரவில் தரை சீக்கிரம் குளிரும், கடல் குளிராது. சுமத்ராக் கரையிலிருந்தும் நம் கரையிலிருந்தும் வீசும் தரைக்காற்று மலாக்கா நீரிணையின் மேல் முட்டிக்கொள்ள, ஈரக்காற்று மேலெழும்பி இடிமேகமாகிறது. மேகங்கள் சங்கிலிபோல் கோத்துக்கொண்டு கிழக்கே நகரும். மழையோடு இறங்கும் குளிர்காற்று முன்னால் பாய்ந்து வரும். அதுதான் நம்மேல் முதலில் படுகிற சில்லென்ற காற்று.

பால்மரம் வெட்டிய பெரியவர்களுக்கு இது தெரியும். மேற்கே மின்னினாலே மனசு பதறும். மங்கில் மழைத்தண்ணீர் விழுந்தால் பால் போச்சு, அன்றைய கூலியும் போச்சு.

வேகம் வழக்கமாக மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர். 17-9-2024 அன்று வந்தது நேரம் தவறி மாலையில் வந்தது. தெங்காவில் 83.2 கிலோமீட்டர் பதிவாயிற்று, சிங்கப்பூர் எங்கும் மரங்கள் சாய்ந்தன. அதே தெங்காவில் 1984 ஏப்ரல் 25-இல் பதிவான 144.4 கிலோமீட்டரை நினைத்துப் பாருங்கள்!

மாணவர்களே, சிங்கப்பூர் வானிலைச் சேவையின் ரேடார் படம் கைத்தொலைபேசியிலேயே வருகிறது. ரேடார் அலை மழைத்துளியில் பட்டுத் திரும்புவதைத்தான் அது வண்ணமாகக் காட்டுகிறது. மூன்று மணிப் படத்தில் மழைக்கோடு 80 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, மூன்றரைக்கு 60 என்று வைத்துக்கொள்வோம். அரைமணிக்கு 20. அப்படியானால் ஐந்து மணிக்கு வந்துவிடும். ஐந்தாம் வகுப்புக் கணக்குதானே! வழியில் கலைந்துபோவதும் உண்டு, வேகம் கூடுவதும் உண்டு. ஆகவே கிளம்புமுன் மறுபடியும் பார்க்க வேண்டும்.

பிள்ளைகளை மூன்று மணிக்கு எழுப்பச் சொல்லவில்லை. முதல்நாள் இரவே அப்பாவுக்குப் படத்தைத் திறக்கக் கற்றுக்கொடுங்கள், போதும்.

“தாமதமாப் போனா சம்பளத்துல பிடிப்பாங்க வாத்தியாரே” என்கிறார்கள். உண்மைதான். கோடு தொலைவில் இருந்தால் அரைமணி முன்னதாகவே கிளம்பலாம். நடுவழியில் பிடித்துக்கொண்டால் மரத்தடி வேண்டவே வேண்டாம். சிங்கப்பூரில் விரைவுச்சாலை மேம்பாலங்கள் பலவற்றின் அடியில் மோட்டார் சைக்கிள்காரர்கள் ஒதுங்க இடம் உண்டு. பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும்.