சுழலாத சக்கரம்



பழைய மணிக்கூடு ஒன்றைத் திறந்து பார்த்தவர்கள், அதனுள்ளே சிறியனவும் பெரியனவுமான பற்சக்கரங்கள் ஒன்றையொன்று கௌவி நிற்பதைக் கண்டிருப்பார்கள். எட்டுப் பற்களையுடைய சக்கரம் எண்பது பற்களையுடைய சக்கரத்தைத் தள்ளுமாயின், முன்னது பத்துத் தடவை சுழலப் பின்னது ஒரு தடவையே சுழலும். வேகத்தைக் குறைக்கும் வித்தை முழுவதும் இவ்வளவுதான். செக்கன் முள் 720 தடவை சுற்றி வந்தாலன்றி மணிமுள் ஒரு சுற்றை முடிப்பதில்லை.

இவ்வெளிய உபாயத்தை மேன்மேலும் அடுக்கிக்கொண்டே சென்றால் என்ன நிகழும்? இவ்வினாவுக்கு அமெரிக்க நாட்டுச் சிற்பி ஆதர் கான்சன் என்பவர் 1992 ஆம் ஆண்டில் ஓர் இயந்திரத்தையே விடையாகச் செய்து வைத்தார். மேசை மீது வைக்கத்தக்க அளவினதே அது. ஒரு முனையில் சிறிய மின்மோட்டார். அதனை அடுத்து வரிசையாகப் பன்னிரண்டு சோடிச் சக்கரங்கள். ஒவ்வொரு சோடியிலும், திருகாணிபோற் புரி வெட்டிய தண்டு ஒன்று ஐம்பது பற்களையுடைய சக்கரத்தைத் தள்ளுகிறது. தண்டு ஒரு முறை சுழன்றால் சக்கரம் ஒரு பல் மட்டும் நகரும். ஆகவே ஐம்பது சுழற்சிக்கு ஒரு சுழற்சி. அச்சக்கரத்தின் அச்சே அடுத்த புரித்தண்டு. ஐம்பதை ஐம்பதால் பெருக்க 2,500. மீண்டும் பெருக்க 125,000. இவ்வாறு பன்னிரண்டு முறை செல்ல 244,140,625,000,000,000,000 என்று இருபத்தோர் இலக்கங்களில் வந்து நிற்கும்.

இந்த எண்ணை நான் வாசித்துக் காட்டினாலும் உங்கள் மனத்தில் எதுவும் பதியப்போவதில்லை. சக்கரங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். மோட்டார் நிமிடத்துக்கு ஏறத்தாழ 200 தடவை சுழல்கிறது. முதற் சக்கரம் 15 செக்கனில் ஒரு சுற்றை முடிக்கிறது. இரண்டாவதற்குப் பன்னிரண்டரை நிமிடம் வேண்டும். ஒரு கோப்பைத் தேநீரை ஆறுதலாக அருந்தும் நேரம். மூன்றாவதற்குப் பத்து மணித்தியாலமும் 25 நிமிடமும். மணிமுள்ளின் வேகத்துக்கு அண்மையானது. நான்காவதற்கு மூன்று கிழமைக்குச் சற்று மேல். ஐந்தாவதற்கு ஏறத்தாழ மூன்று ஆண்டு. ஆறாவதற்கு 149 ஆண்டு. அதன் ஒரு சுற்று தொடங்குவதைக் கண்டவர் எவரும் அது முடிவதைக் காணப்போவதில்லை.

மனிதனின் கை எட்டும் எல்லை ஐந்தாவதற்கும் ஆறாவதற்கும் இடையில் முடிந்துவிடுகிறது. இவ்வியந்திரத்தில் நான் மிக வியப்பது இந்த இடத்தைத்தான். எல்லைக்கு அப்பால் இன்னும் ஏழு சக்கரங்கள் அமைதியாக நிற்கின்றன.

ஏழாவதற்கு 7,400 ஆண்டு. மனிதன் எழுதத் தொடங்கி ஏறத்தாழ 5,200 ஆண்டுகளே ஆதலின், எழுத்தின் வரலாறு முழுவதும் அதன் ஒரு சுற்றுக்குள் அடங்கிவிடும். எட்டாவதற்கு 371,000 ஆண்டு. ஒன்பதாவதற்கு ஒரு கோடியே எண்பத்தைந்து இலட்சம். பத்தாவதற்கு 93 கோடி ஆண்டு. பூமி தோன்றிய நாள்தொட்டு அது ஐந்து தடவைகூட முழுதாய்ச் சுற்றியிராது. பதினோராவதற்கு 4,640 கோடி ஆண்டு. பிரபஞ்சத்தின் வயதோ 1,380 கோடிதான். பன்னிரண்டாஞ் சக்கரம் ஒரு முறை சுழல ஏறத்தாழ இரண்டு இலட்சத்து முப்பத்தீராயிரம் கோடி ஆண்டு செல்லும். பிரபஞ்சம் பிறந்த கணத்தில் மோட்டாரை முடுக்கிவிட்டிருந்தாலும், இன்று அது இரண்டு பாகையளவே திரும்பியிருக்கும்.

இந்தக் கடைசி அச்சைக் கான்சன் கொங்கிறீற்றுக் கட்டி ஒன்றினுள் அசையாதபடி புதைத்துவிட்டார். மோட்டாரோ தடையின்றிச் சுழல்கிறது! ஒரு முனை ஓடுகிறது. மறுமுனை கல்லாய் இறுகிக் கிடக்கிறது. இடையில் எதுவும் முறியவில்லை. காரணம் எளிது. கடைசிச் சக்கரத்தின் சுற்றளவு ஒரு சாண் எனக் கொண்டால், அதன் விளிம்பு ஓர் ஆண்டில் நகரவேண்டிய தூரம் ஓர் அணுவின் அகலத்தில் ஆயிரத்திலொரு பங்குகூட இராது. பற்களுக்கிடையே எந்த இயந்திரத்திலும் மயிரிழையளவு தளர்வேனும் இருக்கும். அத்தளர்வு தீர்ந்து கொங்கிறீற்றின் எதிர்ப்பு உணரப்படுவதற்கு முன்னரே மோட்டாரும் சக்கரங்களும் தேய்ந்து மண்ணாகிவிடும்.

ஒல்லாந்து நாட்டுக் கலைஞர் டானியல் டி புறூயின் 2020 ஆம் ஆண்டில் இதனையும் விஞ்ச முயன்றார். பத்துக்கு ஒன்றாக வேகங் குறைக்கும் நூறு படிகளை அவர் அமைத்தார். இறுதிச் சக்கரம் ஒரு முறை சுழல, முதலாவது சுழலவேண்டிய தொகை ஒன்றின் பின் நூறு சுழியங்களாகும். கூகொல் என்பது அதன் பெயர். முதற் சக்கரம் செக்கனுக்கு ஒரு முறை சுழன்றாலும், பத்தொன்பதாவது சக்கரமே பிரபஞ்சத்தின் வயதுக்குள் ஒரு சுற்றை முடித்திராது. அதற்கு அப்பாலும் 81 உள. கைத்திறன் பெரிது என்பதில் ஐயமில்லை. ஆயினும் பன்னிரண்டு சக்கரங்களும் ஒரு கொங்கிறீற்றுக் கட்டியும் சொல்வதைவிட அந்த 81 சக்கரங்களும் அதிகமாக எதனையும் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை.

படிப்படியாய்ச் செல்லும் இம்முறை தமிழர்க்குப் புதியதன்று. நம் முன்னோர் எண்சுவடியில் ஒன்றை 320 கூறாக்கி அதில் ஒரு கூற்றை முந்திரி என்றனர். அந்த முந்திரியை மீண்டும் 320 கூறாக்கிக் கீழ்முந்திரி என்றனர். 102,400 இல் ஒரு பங்கு என்பதை மனத்திற் கொள்வது கடினம். முந்திரியின் முந்திரி என்றால் சிறுவனும் பற்றிக்கொள்வான்.

இன்று நாம் கேட்கும் சொற்களுக்கு அந்த வசதி இல்லை. மில்லியன், பில்லியன், திரில்லியன் என்பன செவிக்கு ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் போல ஒலிக்கின்றன. செக்கன்களாய் எண்ணிப் பார்த்தால், மில்லியன் பதினொன்றரை நாளுக்குச் சற்று மேல். பில்லியன் 31 ஆண்டும் எட்டு மாதமும். திரில்லியன் ஏறத்தாழ 31,700 ஆண்டு. 2022 ஏப்பிரலில் இலங்கை தன் வெளிநாட்டுக் கடன் மீளச்செலுத்தலை இடைநிறுத்தியபோது, அக்கடன் 51 பில்லியன் டொலர் என்று செய்திகள் கூறின. செக்கனுக்கு ஒரு டொலராக இரவு பகல் ஓயாது எண்ணி வைப்பதாகக் கொள்வோம். 51 மில்லியன் என்று தவறாகக் காதில் விழுந்தவர் ஓர் ஆண்டும் ஏழு மாதமும் கழிய எழுந்துவிடுவார். சரியாகக் கேட்டவருக்கு 1,616 ஆண்டு செல்லும். 2022 இல் எண்ணி முடிக்கவேண்டுமாயின் அவர் கி.பி. 406 இல், சீன யாத்திரிகர் பாகியான் இலங்கைக்கு வந்து சேர்வதற்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே, முதல் டொலரை எடுத்து வைத்திருக்க வேண்டும்.