கழித்துக் கண்ட சூப்பர்நோவா



சில நொடிகள் முதல் சில நிமிடங்கள் வரை நீடிக்கும் ‘நீண்ட’ வகைக் காமா கதிர் வெடிப்புகள் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் இருப்பது ஒரு பெரிய விண்மீனின் சாவு என்று இன்று பாடநூலே சொல்கிறது. அதை எதைக் கொண்டு உறுதிசெய்தார்கள் என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன். காமா கதிரைக் கொண்டு அல்ல. கண்ணுக்குத் தெரியும் சாதாரண ஒளியைக் கொண்டு.

பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யாராவது திருட்டுத்தனமாக அணுகுண்டு வெடிக்கிறார்களா என்று பார்க்க அமெரிக்கா ஏவிய வேலா செயற்கைக்கோள்கள் 1967இல் முதல் வெடிப்பைப் பதிவுசெய்தன. செய்தி 1973இல்தான் வெளியே வந்தது. அதற்குப் பிறகும், இவை நம் பால்வெளி மண்டலத்தின் ஓரத்தில் நடக்கின்றனவா, பிரபஞ்சத்தின் மறுகோடியிலா என்று தெரியவில்லை. காமா கருவிகளால் திசையைத் துல்லியமாகச் சொல்ல முடியாததே காரணம். 1997 பிப்ரவரி 28 அன்று பெப்போசாக்ஸ் செயற்கைக்கோள் ஒரு வெடிப்பின் எக்ஸ் கதிர்த் தடயத்தைப் பிடித்தது. அதே இடத்தில் மங்கிக்கொண்டே போகும் ஓர் ஒளிப்புள்ளியை வான் பாரடைஸ் குழுவினர் லா பால்மாவில் உள்ள வில்லியம் ஹெர்ஷல் தொலைநோக்கியில் கண்டார்கள். இதற்குப் பின்னொளி என்று பெயர். அந்த மே மாதமே இன்னொரு வெடிப்பின் செம்பெயர்ச்சி, அதாவது தொலைவைக் காட்டும் வகையில் அதன் ஒளி சிவப்புப் பக்கம் நகர்ந்த அளவு, 0.835 என்று கெக் தொலைநோக்கியில் அளந்தார்கள். அது பால்வெளிக்கு வெகு அப்பால் என்பதால், தொலைவு பற்றிய சண்டை அத்தோடு ஓய்ந்தது.

அடுத்தது, வெடித்தது எது என்ற கேள்வி. 1998 ஏப்ரல் 25 அன்று நடந்த ஒரு வெடிப்பின் திசையில், சுமார் 12 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இருக்கும் ஒரு விண்மீன் மண்டலத்தில், கலாமா குழுவினர் ஒரு சூப்பர்நோவாவை, அதாவது வெடித்துச் சாகும் விண்மீனை, கண்டார்கள். அதுதான் 1998பிடபிள்யூ. இரண்டும் தற்செயலாக ஒரே இடத்தில் அமைவதற்கு ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு வாய்ப்புதான் என்று கணக்கும் போட்டார்கள். ஆனாலும் பலர் ஏற்கவில்லை. அந்த வெடிப்பின் காமா ஆற்றல் வழக்கத்தைவிடப் பல்லாயிரம் மடங்கு குறைவு. வழக்கமான பின்னொளியும் இல்லை. பெப்போசாக்ஸ் காட்டிய வட்டத்துக்குள் இரண்டு எக்ஸ் கதிர் மூலங்கள் வேறு இருந்தன. தயங்கியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வானம் பெரியது, பத்தாயிரத்தில் ஒன்று என்பது அங்கே அடிக்கடி நடக்கும்.

இடையில் இன்னொரு தடயம் கிடைத்தது. 1998 மார்ச் 26 வெடிப்பின் இடத்தை மூன்று வாரம் கழித்துப் பார்த்தபோது, அணைந்திருக்க வேண்டிய ஒளி எதிர்பார்த்ததைவிட 60 மடங்கு அதிகமாக, சிவந்து தெரிந்தது. புளூம் குழுவினர் இது சூப்பர்நோவாவாக இருக்கலாம் என்றார்கள். அப்படி இருக்கலாம்தான். ஆனால் ஒளி வளைகோட்டில் ஒரு மேடு தெரிகிறது என்பதற்காக அதற்கு சூப்பர்நோவா என்று பெயர் வைத்துவிட முடியாது. வேறு காரணத்தாலும் மேடு வரும்.

அதைக் காட்டிக்கொடுத்ததே 2003 மார்ச் 29 வெடிப்புதான். ஹெட்டே-2 செயற்கைக்கோள் கண்டது. செம்பெயர்ச்சி 0.1685; அதாவது ஒளி வந்துசேர 200 கோடி ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது. இந்த வகையில் இது பக்கத்து வீடு. பின்னொளி ஏராளமான பிரகாசம். அதுவே தொல்லையும் ஆயிற்று. அந்தப் பின்னொளி முதல் வாரத்திலேயே பலமுறை ஏறி இறங்கியது. வளைகோட்டை மட்டும் நம்பியிருந்தவர்களுக்கு எந்த மேடு எதனுடையது என்று பிரிக்க வழியே இல்லை.

ஸ்டானெக் குழுவினர் மார்ச் 30 முதல் ஏப்ரல் 8 வரை இரவுதோறும் நிறமாலை எடுத்தார்கள். பெரும்பாலும் அரிசோனாவின் எம்எம்டி தொலைநோக்கியில். ஏப்ரல் 5 வரை வழவழப்பான சரிவு, அதன்மேல் வெடிப்பு நடந்த விண்மீன் மண்டலத்தின் மெல்லிய கோடுகள், அவ்வளவுதான். அதன் பிறகு அகன்ற புடைப்புகள் தலைகாட்டின. அப்போது ஒரு கழித்தல் செய்தார்கள். ஏப்ரல் 4 நிறமாலையை வெறும் பின்னொளி என்று வைத்துக்கொண்டு, அளவைக் குறைத்து, ஏப்ரல் 8 நிறமாலையிலிருந்து கழித்தார்கள். மிஞ்சியதில் 5000, 4200 ஆங்ஸ்ட்ராம் அலைநீளங்களின் அருகே இரண்டு அகன்ற புடைப்புகள். உச்சத்துக்கு ஒரு வாரம் முன்பு 1998பிடபிள்யூ காட்டிய அதே முகம். கல்யாண மண்டபத்தில் கெட்டிமேளம் அடங்கிய பிறகுதான் பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழும். இவர்கள் மேளம் அடங்கும்வரை காத்திராமல் அதைக் கணக்கில் அடக்கினார்கள். சிலியின் விஎல்டி தொலைநோக்கியில் யோர்த் குழுவினரும் தனியாக இதே முடிவுக்கு வந்தார்கள். சூப்பர்நோவாவுக்கு 2003டிஹெச் என்று பெயரிட்டார்கள்.

புடைப்பு ஏன் அகலம்? வெடித்துச் சிதறிய பொருள் நொடிக்கு 30,000 கிலோமீட்டருக்கு மேல் பாய்கிறது, ஒளியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு. நம்மை நோக்கி வருவதும் விலகிப் போவதும் சேர்ந்து கோடுகளைப் பரப்பிவிடுகின்றன. ஹைட்ரஜன் கோடு இல்லை, ஹீலியம் கோடும் தென்படவில்லை. மேலுறைகளை முன்பே இழந்துவிட்ட விண்மீன் என்று அதற்குப் பொருள். அந்த நிலையில்தான் காமா கதிரைத் தரும் தாரை உள்ளே கிளம்பி வெளியே துளைத்துக்கொண்டு வர முடியும். பெரிய விண்மீனின் மையம் இடிந்து கருந்துளையாவதே வெடிப்புக்குக் காரணம் என்று 1993இல் வூஸ்லி முன்வைத்த மாதிரி இதோடு பொருந்தியது. 1998பிடபிள்யூ பற்றி இருந்த சந்தேகமும் பின்னோக்கிப் பார்த்தபோது நீங்கியது.

இதை எல்லா நீண்ட வெடிப்புக்கும் விதியாக்கிவிட வேண்டாம். 2006 ஜூன் 14 அன்று ஒன்று 102 நொடி நீடித்தது, தொலைவும் அதிகமில்லை. 1998பிடபிள்யூவைவிட 100 மடங்கு மங்கலான சூப்பர்நோவா இருந்திருந்தாலும் தெரிந்திருக்கும். ஒன்றுமே தெரியவில்லை. நொடிக்கணக்கை வைத்து வெடிப்புகளை வகைபிரிக்கும் பழக்கம் அன்றே ஆட்டம் கண்டது.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெடிப்புகள் பற்றிய உடனடி அறிவிப்புகளை ஜிசிஎன் வலையமைப்பு எல்லோருக்கும் இலவசமாக அனுப்புகிறது; பதிவுசெய்துகொள்ளுங்கள். கூடவே, ஆய்வகத்தில் சோடியம் விளக்கை வைத்துச் செய்யும் நிறமாலைமானிச் சோதனையை ரெக்கார்டு நோட்டுக்காக மட்டும் செய்யாதீர்கள்.