குழைத்த மாவும் கைப்பக்குவமும்



மாத்தளை நகரை விட்டுக் கிழக்கே மலையேறும் பாதையில் இரத்தோட்டை என்னும் சிற்றூர் உண்டு. அதற்கப்பால் நக்கிள்ஸ் மலைத்தொடர் முகில் போர்த்து நிற்கிறது. தேயிலையும் மிளகும் ஏலமும் கராம்பும் சாதிக்காயும் விளையும் நிலம் அது. அம்மலைச் சரிவுகளில் மாலைப் பொழுது சாயும் வேளையில் ஓர் இசை ஒலித்துக்கொண்டு வருவதை நீங்கள் கேட்கலாம். ஜெர்மானிய இசைமேதை பேத்தோவன் 1810 ஆம் ஆண்டில் பியானோவுக்கென அமைத்த சிறு இசைக்கோவைதான் அது. ஆனால் அதை வாசித்து வருபவர் எந்த வித்துவானும் அல்லர். பாணும் பணிசும் ஏற்றிய முச்சக்கர வண்டியே அந்த இசையை ஒலிக்கிறது. நம் நாட்டு மக்கள் அதனைச் சூன் பாண் வண்டி என்று செல்லமாக அழைப்பர்.

அந்த இசை காதில் விழுந்ததும் பிள்ளைகள் வாசலுக்கு ஓடுகின்றனர். சீனி தூவிய கிம்புலா பணிசின் மீதே அவர்கள் கண். தாயோ, சேலைத் தலைப்பில் முடிந்த காசை எண்ணிப் பார்க்கிறாள். மூன்று பிள்ளைகளுக்கு மூன்று பணிஸ். நாளைக்கும் அவர்கள் கேட்பார்கள். நாளை மறுநாளும் கேட்பார்கள். விடியலில் கூடை சுமந்து சென்று, பொழுது சாய வீடு திரும்பிய அவளுக்கு மாக் குழைத்துப் பலகாரம் செய்ய நேரமுமில்லை, உடம்பில் தெம்புமில்லை. இவ்வாறான தாய்மாருக்கும், அலுவலகம் சென்று திரும்பும் சகோதரிகளுக்கும் பயன்படக்கூடிய ஓர் எளிய வழியைப் பற்றியே இன்று சில நிமிடங்கள் உரையாட விரும்புகின்றேன்.

பணிசை வாங்காமல், அது பணிசாகு முன்னரே வாங்கிவிடுவதுதான் அந்த வழி. அதாவது, பேக்கரியில் குழைத்துப் புளிக்கவைத்த மாவை வாங்கி வந்து, இனிப்பும் வாசனையும் நம் கையால் சேர்த்து, நம் அடுப்பிலேயே வேகவைத்துக் கொள்வது. முதல் நாளே சொல்லி வைத்தால், பாணுக்கென்று குழைத்த மாவில் ஒரு பங்கை நிறுத்துத் தரக்கூடிய பேக்கரிக்காரர் சிற்றூர்களில் உண்டு. நகரத்து அங்காடிகளில் உறையவைத்த மாவும், அடுக்கடுக்காக மடித்த பேஸ்ட்ரி மாவும் பொதி பொதியாகக் கிடைக்கின்றன.

"கடையில் வாங்கிய மாவில் செய்வதும் ஒரு சமையலா?" என்று சில பெரியவர்கள் கேட்கக்கூடும். அன்புடன் அவர்களுக்கு ஒன்று சொல்வேன். நாம் நூல் நூற்று ஆடை உடுப்பதில்லை. உப்பு விளைவித்துக் கறி சமைப்பதில்லை. இடியப்பத்துக்கு வறுத்த மாவைப் பொதியாக வாங்குகிறோம்; அதனால் இடியப்பம் நம்முடையது அல்லாமற் போய்விடுமா? மாக் குழைத்தல் வலிமை வேண்டும் வேலை. அதனைப் புளிக்கவிடுதல் பொறுமை வேண்டும் வேலை. இவ்விரண்டும் சேர்ந்து மூன்று மணி நேரத்தை விழுங்கிவிடும். அந்த மூன்று மணி நேரத்தைப் பேக்கரிக்காரரிடமிருந்து வாங்கிக்கொள்கிறோம். பக்குவமும் சுவையும் நம் கையிலேயே இருக்கின்றன.

பிற நாட்டாரும் இவ்வழியைக் கண்டவரே. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் லைவ்லி வில்லபி என்ற பேக்கரிக்காரர், குழைத்த மாவைக் கடுதாசிக் குழலில் அடைத்துக் குளிரில் வைத்து விற்கும் முறைக்கு 1931 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். பின்னர் பெரிய நிறுவனங்கள் அதனை நாடெங்கும் பரப்பின. அந்நாட்டு இல்லத்தரசியர் குழலைத் திறந்து, கறுவாவும் சீனியும் சேர்த்து, அரைமணி நேரத்தில் இனிப்புப் பலகாரம் செய்வது வழக்கமாயிற்று. உண்மையான கறுவாவின் தாயகம் நம் இலங்கை என்பதை மறந்துவிடலாகாது.

இனி, மாவின் இயல்பைச் சிறிது அறிந்துகொள்வோம். குழைத்த மா உயிருள்ள பொருள். அதனுள் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் மாவிலுள்ள சர்க்கரையை உண்டு, காற்றை வெளிவிட்டுக்கொண்டிருக்கிறது. இளஞ்சூட்டில் அது விரைந்து வேலை செய்யும். குளிரில் சோம்பிக் கிடக்கும். கையால் தொட முடியாத சூட்டில் மடிந்துபோகும். மார்கழி, தை மாதங்களில் இரத்தோட்டைப் பக்கத்துப் பனிக்காலையில் அரைமணி நேரத்தில் பொங்க வேண்டிய மா ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்வதும் இதனாலேயே. அப்போது மாச்சட்டியை அடுப்படிக்கு அருகே, நெருப்புப் படாத வெதுவெதுப்பில் வைத்தல் வேண்டும்.

வாங்கும்போது மூக்கைத் துணைக்கு அழையுங்கள். நல்ல மாவில் இலேசான கள் வாசனை இருக்கும். கடும் புளிப்பு மணம் வீசினால் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிடலாம். வீட்டுக்குக் கொண்டு வந்ததும் எண்ணெய் தடவிய பாத்திரத்தில் இட்டு, ஈரத் துணியால் மூடி வையுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் பயன்படுத்துவது நன்று. தட்டும்போது மா இழுபட்டு மீண்டும் சுருங்கினால் அதனோடு மல்லுக்கட்ட வேண்டாம். பத்து நிமிடம் மூடி வையுங்கள். பின்னர் சொன்னபடி கேட்கும்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. வாங்கிய பாண் மாவுடன் சீனியையும் வாசனைத் தூளையும் சேர்த்துப் பிசைந்துவிடாதீர்கள். மிகுந்த சீனி மாவிலுள்ள நீரைத் தன்பால் இழுத்துக்கொள்ளும்; மாவும் பிசுபிசுத்துப் போகும். கறுவாத் தூளும் மிகுந்தால் ஈஸ்டின் வேகத்தைத் தடுத்துவிடும். ஆகவே இனிப்பு மாவின் உள்ளே பொதிந்திருக்க வேண்டும், அல்லது மேலே பூசியிருக்க வேண்டும்.

முதலாவதாக, தேங்காய்ப் பூவும் கித்துள் கருப்பட்டியும் சேர்ந்த சுருளைச் சொல்கிறேன். குழைத்த மா 450 கிராம், அதாவது நாம் இன்றும் ஓர் இறாத்தல் என்று சொல்லும் அளவு. தேங்காய்ப் பூ 120 கிராம், சீவிய கித்துள் கருப்பட்டி 100 கிராம், தட்டிய ஏலக்காய் நான்கு, உப்பு ஒரு சிட்டிகை. கருப்பட்டியை இரண்டு மேசைக்கரண்டி நீரில் கரைத்து வடித்து, அடுப்பில் ஏற்றி, தேங்காய்ப் பூவைச் சேர்த்து ஈரம் வற்றும் வரை கிளறுங்கள். இறக்கிய பின் ஏலமும் உப்பும் சேருங்கள். பூரணம் நன்றாக ஆற வேண்டும். சூட்டோடு பரப்பினால் மாவிலுள்ள உயிர் மடியும்.

மாவை 12 அங்குல நீளமும் 9 அங்குல அகலமுமாகத் தட்டி, பூரணத்தைப் பரப்பி, நீளப் பக்கத்திலிருந்து பாய் சுருட்டுவது போலச் சுருட்டுங்கள். அங்குலத்துக்கு ஒன்றாக வெட்டினால் பன்னிரண்டு சுருள்கள் கிடைக்கும். எண்ணெய் தடவிய தட்டில் இடைவெளி விட்டு அடுக்கி, அரைமணி நேரம் மூடி வையுங்கள். பின்னர் 190 பாகை செல்சியஸ் சூட்டில் பதினெட்டு முதல் இருபது நிமிடம் வேகவிடுங்கள். மேற்புறம் பொன்னிறமானால் பக்குவம். தட்டில் ஒழுகிய கருப்பட்டி இறுகிவிடுமுன், சூட்டோடு சுருள்களைக் கிளப்பிவிடுங்கள்.

இரண்டாவது, இன்னும் விரைவானது. கறுவாச் சீனிக் கயிறு என்று பெயரிடலாம். 225 கிராம் மாவைச் சதுரமாகத் தட்டி, ஒரு மேசைக்கரண்டி மாஜரீனைப் பூசி, இரண்டு மேசைக்கரண்டி சீனியையும் அரைத் தேக்கரண்டி கறுவாத் தூளையும் கலந்து தூவி, இரண்டாக மடியுங்கள். பத்துக் கீற்றுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் கயிறு போல முறுக்கித் தட்டில் வையுங்கள். கால்மணி நேரம் பொங்கவிட்டு, அதே சூட்டில் பன்னிரண்டு முதல் பதினான்கு நிமிடம் வேகவிட்டால் போதும். முறுக்கும் வேலையைப் பிள்ளைகளிடமே கொடுத்துவிடலாம். கோணலாக வந்த கயிறுதான் முதலில் தீர்ந்துபோகும்.

"எங்கள் வீட்டில் போறணை இல்லையே!" என்று பலர் எண்ணுவது எனக்குக் கேட்கிறது. போறணையும் பாணும் போர்த்துக்கேயர் நமக்கு விட்டுச் சென்ற சொற்கள். ஆனால் கீழும் மேலும் தணல் இட்டு வேகவைக்கும் வித்தை நம் பாட்டிமாருக்கு நன்கு தெரிந்ததே. அடி கனத்த இரும்புப் பாத்திரத்திலோ மண்சட்டியிலோ இரண்டு விரற்கடை உலர்ந்த மணல் பரப்பி, உள்ளே ஒரு சிறு முக்காலி வைத்து, மூடிக் கால்மணி நேரம் சூடேற்றுங்கள். தட்டை முக்காலி மேல் வைத்து, தட்டையான இரும்பு மூடியால் மூடி, அதன் மேல் சிரட்டைக் கரித் தணலைப் பரப்புங்கள். சூடு சரிதானா என்றறிய, முன்னதாக ஒரு சிறு தகரத் தட்டில் சிறிது கோதுமை மாவைத் தூவி உள்ளே வைத்துப் பாருங்கள். ஐந்து நிமிடத்தளவில் இளம்பழுப்பானால் சூடு அளவானது. உடனே கருகினால் தணலைக் குறையுங்கள். அடைத்த அறையில் கரித்தணல் எரிப்பது உயிருக்கே ஆபத்து. அதன் நச்சுப் புகை கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. கதவும் யன்னலும் திறந்திருக்கட்டும். இயலுமாயின் வாசலிலேயே செய்யுங்கள்.

இதற்கும் வசதியில்லையேல் ஒரு தாச்சியே போதும். 225 கிராம் மாவை எட்டு உருண்டைகளாக்கி, எண்ணெய் தடவிய அடி கனத்த தாச்சியில் அடுக்கி மூடுங்கள். இருபது நிமிடம் பொங்கிய பின் மிகக் குறைந்த தீயில் பத்து நிமிடம் வேகவிட்டு, புரட்டிப் போட்டு மேலும் ஏழெட்டு நிமிடம் வைத்தெடுங்கள். சூட்டோடு கித்துள் பாணியைத் தடவி, வறுத்த தேங்காய்ப் பூவில் ஒரு சிட்டிகை கராம்புத் தூள் கலந்து அதில் புரட்டினால், தேநீருக்கு அதைவிடப் பொருத்தமான துணை வேறு கிடையாது.

நேயர்களே, இதை வெறும் பலகாரக் குறிப்பாக மட்டும் நான் சொல்லவில்லை. கோதுமை இந்நாட்டில் விளைவதன்று. முன்னாளில் அது பெரும்பாலும் மாவாகவே கப்பலில் வந்தது. 1980 ஆம் ஆண்டில் திருகோணமலையில் பெரிய மா ஆலை இயங்கத் தொடங்கிய பின் தானியமாக வருகிறது. தோட்டங்களில் பங்கீட்டு மாவாக வந்து, ரொட்டியாக மாறி, மலையக மக்களின் நாளாந்த உணவாகவே அது நிலைத்துவிட்டது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மாவும் சமையல் எரிவாயுவும் தட்டுப்பட, எத்தனையோ பேக்கரிகள் மூடிக் கிடந்தன. பாணுக்காக மக்கள் வரிசையில் நின்ற அந்நாட்களை நாம் மறக்க முடியாது. ஒரு பிடி மாவின் அருமையை அந்த ஆண்டு நமக்குக் கற்பித்தது. ஓர் இறாத்தல் மாவிலே பன்னிரண்டு சுருள்கள். அதே எண்ணிக்கையில் பணிஸ் வாங்கினால் என்ன செலவாகும் என்பதை நீங்களே உங்கள் ஊர் விலையில் கணக்கிட்டுப் பாருங்கள்.

இன்னுமொன்று. ஏலக்காயையும் கராம்பையும் சாதிக்காயையும் பறித்து உலர்த்திப் பொதி செய்து உலகுக்கு அனுப்பும் கைகள் இரத்தோட்டைப் பக்கத்தில் எத்தனையோ. தூர தேசங்களின் பலகாரங்களில் அந்த வாசனை மணக்கிறது. அந்தக் கைகளுக்குரியவரின் பிள்ளை உண்ணும் பணிசிலோ பெரும்பாலும் சீனி மட்டுமே இருக்கிறது. விற்பனைக்குப் போகாத உடைந்த ஏலமும், முற்றத்துச் சாதிக்காயின் ஒரு சுரண்டலும் அந்தப் பிள்ளையின் நாவிலும் படவேண்டாமா? மலையில் விளைந்த மணம் மலைவீட்டிலும் மணக்க வேண்டாமா?

அந்த மாலை வண்டியை விரட்ட வேண்டுமென்று நான் சொல்லவில்லை. அதை ஓட்டி வருபவரும் நம்மைப் போல் உழைப்பவரே. அவரிடமோ அவருடைய பேக்கரியிலோ வாரத்தில் ஒரு நாள், "தம்பி, நாளைக்கு எனக்கு ஓர் இறாத்தல் குழைத்த மாக் கொண்டுவந்து தாங்கோ" என்று சொல்லி வையுங்கள். மறுநாள் மாலை அந்த இசை வளைவைத் தாண்டிச் சென்ற பின்னரும் பிள்ளைகள் வாசலில் நிற்கமாட்டார்கள். அடுப்படியில், தாயின் அருகே, மூடியை எப்போது திறப்பாள் என்று காத்திருப்பார்கள்.