பேயல்ல, நோய்

(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் அளித்த செய்தி)



மனநலப் பிரிவில் நாங்கள் ஜெபிக்கச் செல்லும்போது, பைபோலார் என்னும் இருதுருவ மனநோயைக் குறித்துக் குடும்பத்தார் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் சில உண்டு.

"ஐயா, இது பிசாசின் கட்டா?"

இல்லை, இது நோய். ஒரு காலத்தில் மனம் அளவுமீறி எழும்பும். தூக்கம் குறையும், பேச்சு பெருகும், பணம் கரையும். சிலர் தம்மைத் தீர்க்கதரிசி என்பார்கள். வேறொரு காலத்தில் உயிரே வேண்டாம் என்னுமளவுக்குச் சோர்ந்துபோவார்கள்.

"எல்லாருக்கும் ஒரேவிதமா?"

முதல் வகையில் கடுமையான எழுச்சி 7 நாட்களாவது நீடிக்கும். அதற்குள்ளேயே மருத்துவமனையில் சேர்க்கவும் நேரிடலாம். இரண்டாம் வகையில் எழுச்சி மிதமானது, 4 நாட்களாவது இருக்கும், சோர்வோ கடுமையானது. இதை வெறும் மனச்சோர்வு என்றெண்ணி அதற்குரிய மாத்திரையை மட்டும் கொடுத்தால், சிலருக்கு எழுச்சி கிளம்பிவிடும். மூன்றாவது சைக்ளோதைமியா, லேசான ஏற்றத்தாழ்வு 2 ஆண்டுகளுக்குக் குறையாமல் தொடரும்.

"ஜெபம் போதாதா? மாத்திரை எதற்கு?"

ஜெபியுங்கள், மாத்திரையையும் நிறுத்தாதிருங்கள். எலியா சூரைச்செடியின்கீழ் சாவை விரும்பியபோது, தேவதூதன் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தான். ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949இல் பயனறிந்து எழுதிய லித்தியம் என்னும் உப்பு இன்றும் முக்கிய மருந்தாயிருக்கிறது. அதைச் சாப்பிடுவோருக்கு இரத்தப் பரிசோதனை தவறக்கூடாது. உடலில் நீர் குறைந்தால் இரத்தத்தில் லித்தியம் ஏறி நஞ்சாகலாம். ஆகையால் மருத்துவரைக் கேளாமல் அவர்களை உபவாசிக்கச் சொல்லாதிருங்கள். முழு இரவு ஜெபத்துக்கும் வற்புறுத்தாதிருங்கள். தூக்கம் கெட்டால் நோய் திரும்பக்கூடும்.

"கலியாணம் செய்துவைத்தால் சரியாகுமா?"

கலியாணம் மருந்தல்ல. ஆனால் சிகிச்சையில் நிலைத்திருப்போர் பலர் வேலைசெய்து, குடும்பமாய் வாழ்கிறார்கள். மறைத்துச் செய்வதுதான் இரு வீட்டாருக்கும் வேதனை. பிள்ளைப்பேற்றை எண்ணும் பெண்கள் முன்னதாகவே மருத்துவரிடம் பேசவேண்டும். சில மாத்திரைகள் கருவைப் பாதிக்கும்.

"அடங்காதபோது கட்டிவைக்கலாமா?"

சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடைசெய்கிறது. உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். சாகவேண்டும் என்று யாராவது சொன்னால் தனியே விடாதிருங்கள். 14416 என்ற அரசின் இலவச எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.

பிரியமானவர்களே, சுகமாகிவிட்டது என்றெண்ணியும், வாங்கப் பணமில்லாமலும் மருந்தை நிறுத்துகிறவர்கள் உண்டு. உங்கள் காணிக்கை ஓர் ஏழையின் மாத்திரையாகவும் இரத்தப் பரிசோதனையாகவும் மாறுகிறது. அதற்காகக் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறோம். இன்னொன்றும் கேட்கிறோம்: சுகம்பெற்று அவர்கள் ஆலயத்துக்கு வரும்போது, பக்கத்தில் உட்கார இடங்கொடுங்கள்.