அரசாணையும் மருத்துவமனையும்



சிற்றூரில் தலைமையாசிரியராக இருப்பவருக்குப் பள்ளிக்கூட வேலையோடு இன்னொரு வேலையும் உண்டு. ஊராருக்கு மனு எழுதித் தருவது அது. திருத்தணியிலிருந்து சோளிங்கர் செல்லும் சாலையில் உள்ள கே.ஜி.கண்டிகையில் நான் பல ஆண்டுகள் அந்த வேலையைச் செய்தேன். மாலை மணி அடித்துப் பிள்ளைகள் போனபின் பெரியவர்கள் வந்து தாழ்வாரத்தில் அமர்வார்கள். முதியோர் உதவித்தொகை, பட்டா மாற்றம், பேருந்து நிற்காமற் போகிறது என்ற முறையீடு, இப்படி ஏதாவது ஒன்று இருக்கும். சிலர் தமிழில் சொல்வார்கள். சிலர் தெலுங்கில் சொல்வார்கள். இரண்டையும் கலந்து சொல்பவர்களே மிகுதி. எல்லாவற்றையும் நான் நல்ல தமிழில் எழுதி, கைந்நாட்டு வைக்க இடம் விட்டுக் கொடுப்பேன்.

1990களின் நடுவில் ஒரு நாள் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்தார்கள். அவ்வூரின் பெயர் இங்கே வேண்டா. என்னிடம் ஆறாம் வகுப்புப் படித்த பையன் ஒருவனுடைய தாய், முந்திய வாரம் பேற்று வலி கண்டு, இரவில் மாட்டுவண்டியில் திருத்தணிக்குக் கொண்டு போகும் வழியிலேயே இறந்துபோனாள். 108 ஊர்தி தமிழ்நாட்டுக்கு வந்தது 2008ஆம் ஆண்டில். அன்று அந்தப் பேச்சே இல்லை. வந்தவர்களில் மூத்தவர், "எங்க ஊருக்கு ஒரு நர்சம்மா வேணும் சார். எழுதிக் குடுங்க" என்றார்.

நான் எழுதினேன். 'துணைச் சுகாதார நிலையக் கட்டடம் ஒன்று கட்டித் தருமாறு வேண்டுகிறோம்' என்று எழுதினேன். அவர்கள் கேட்டது ஓர் ஆளை. நான் எழுதியது ஒரு கட்டடத்தை. அந்த ஒரு சொல் மாறியதால் என்ன நேர்ந்தது என்பதைச் சொல்லவே இன்று உங்கள்முன் பேச வந்தேன்.

மருத்துவ நிலையம் ஒன்றுக்கு 'அரசு ஒப்புதல் கிடைத்துவிட்டது' என்று செய்தித்தாளில் படிக்கிறோம். ஒப்புதல் ஒன்றுதான் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அவை பல. மாவட்டத்திலிருந்து கருத்துரு சென்னைக்குப் போகும். சிற்றூர்ச் சுகாதாரமானால் பொதுச் சுகாதாரத் துறை இயக்குநரிடம், பெரிய மருத்துவமனையானால் மருத்துவப் பணிகள் இயக்குநரிடம். அங்கிருந்து தலைமைச் செயலகம். நிதித்துறை இசைந்தால் அரசாணை வெளிவரும். அதில் இருப்பது நிருவாக ஒப்புதலும் நிதி ஒப்பளிப்பும். அதன்பின் பொறியாளர்கள் மதிப்பீடு தயாரித்துத் தொழில்நுட்ப ஒப்புதல் பெறவேண்டும். அதற்கும் பின்னரே ஒப்பந்தப்புள்ளி. இவ்வளவும் சுவருக்கும் கூரைக்கும் மட்டுமே. உள்ளே நிற்கப்போகும் மருத்துவருக்கும் செவிலியருக்கும் பணியிடங்களைத் தோற்றுவிக்கத் தனி ஒப்பளிப்பு வேண்டும்; ஆட்களைத் தெரிவு செய்வது இன்னொரு பாதை. மருந்தும் கருவியும் வாங்க 1994இல் தோன்றிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் இருக்கிறது. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு கணக்குப் புத்தகம் உண்டு; அதில் ஒதுக்கிய தொகைக்குள் மாவட்டக் கிடங்கிலிருந்து மருந்து எடுத்துக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் பட்டியலில் பெயர் ஏறாத நிலையத்துக்குப் புத்தகமும் இல்லை, மருந்தும் இல்லை.

எங்கள் மனுவுக்கு வருகிறேன். முதலில் நிலம். ஏரிப் புறம்போக்கில் கட்டக் கூடாது. மேய்க்காலை வகைமாற்றம் செய்ய நாளாகும். உழவர் ஒருவர் தம் புன்செயில் பத்துச் சென்டு எழுதித் தர முன்வந்தார். மூலப் பத்திரத்தைக் கொண்டுவரச் சொன்னோம். கொண்டுவந்தார், அது தெலுங்கில் இருந்தது. இதில் வியப்பு ஒன்றும் இல்லை. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணி அப்பக்கம் போயிற்று. 1960 ஏப்ரல் முதல் நாளன்று, எல்லைப் போராட்டத்துக்குப் பின், இப்பக்கம் வந்தது. எல்லைக்கோடு ஒரு நாளில் நகரும். பத்திரம் அப்படியேதான் இருக்கும். மொழிபெயர்ப்பு, அதற்குச் சான்றொப்பம், வில்லங்கச் சான்று என்று மாதங்கள் ஓடின. இதற்கிடையே 1997இல் செங்கற்பட்டு எம்.ஜி.ஆர். மாவட்டம் இரண்டாகப் பிரிந்து, நாங்கள் திருவள்ளூர் மாவட்டத்தவர் ஆனோம். காஞ்சிபுரத்தில் தேடவேண்டிய கோப்பைத் திருவள்ளூரில் தேடும் நிலை வந்தது. நாலு முறை பேருந்து ஏறி இறங்கியதில் கோப்பு எண் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. வாய்பாடு ஒப்பிக்கும் பையனைப் போல அதைச் சொல்வேன், எழுத்தர்கள் சிரிப்பார்கள்.

ஒருவழியாகக் கட்டடம் வந்தது. தொகுதி மேம்பாட்டு நிதியிலிருந்து வந்தது. அத்தகைய நிதி நிலையான சொத்துகளைப் படைப்பதற்கு உரியது. மாதா மாதம் வரும் சம்பளச் செலவை அதில் எழுத முடியாது. அது நியாயமான விதிதான். நாங்கள் கேட்டது கட்டடம், தந்தது கட்டடம். யாரைக் குறைகூறுவது? புதிய துணைச் சுகாதார நிலையம் ஒன்றைத் தோற்றுவித்து அதற்கு ஒரு கிராம சுகாதார செவிலியர் பணியிடம் தருக என்று அந்த மனுவில் ஓரிடத்திலும் இல்லை. எழுதியவன் நான்.

இரண்டு ஆண்டுகள் அது பூட்டிக் கிடந்தது. வெளித்திண்ணையில் வெள்ளாடுகள் ஒதுங்கின. தாயை இழந்த அந்தப் பையன் பத்தாம் வகுப்பு முடித்து, அந்த வழியாகவே மிதிவண்டியில் வேலைக்குப் போய்வந்தான். நானும் சில நாள் அவ்வழியே போவேன். பூட்டைப் பார்க்காமல் போகப் பழகிக்கொண்டேன்.

இந்த நோய் எங்கள் ஊருக்கு மட்டும் உரியதன்று. போர் குழு 1946இல் தந்த அறிக்கைதான் நம் நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு விதையிட்டது. சமுதாய வளர்ச்சித் திட்டத்தோடு 1952 முதல் அவை எழுந்தன. பத்தாண்டுக்குள் டாக்டர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் தலைமையில் அமைந்த குழு நிலைமையை ஆராய்ந்தது. புதியவற்றைத் திறந்துகொண்டே போவதைவிட, இருப்பவற்றை ஆளும் பொருளும் தந்து வலுப்படுத்துவதே முதல் வேலை என்று அக்குழு 1962இல் அறிவுரைத்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தை நெடுங்காலம் நடத்திய அந்தப் பெரியவருக்குப் பெயர்ப்பலகைக்கும் நிறுவனத்துக்கும் உள்ள வேறுபாடு நன்றாகத் தெரிந்திருக்கிறது. இன்றைய அளவுகோல் சமவெளியில் முப்பதாயிரம் பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை நிலையம் என்பது. எண்ணிக்கையை எட்டுவது எளிது. எத்தனை கதவுகள் காலையில் திறக்கின்றன என்பது வேறு கணக்கு.

பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் மதுரைக்குப் போகலாம். எய்ம்ஸ் மருத்துவமனை தமிழ்நாட்டுக்கு உண்டு என்று 2015ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் சொன்னார்கள். தோப்பூர்தான் இடம் என்பது 2018 ஜூனில் முடிவாயிற்று. அவ்வாண்டு டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2019 ஜனவரி 27இல் அடிக்கல் நாட்டினார்கள். ஜப்பானியக் கடனுக்கான ஒப்பந்தம் 2021இல் கையெழுத்தாயிற்று. 2022இல் சேர்ந்த முதல் ஐம்பது மாணவர்கள், தங்கள் கல்லூரிக்குக் கட்டடம் இல்லாமையால், இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் அமர்ந்து படித்தார்கள். கட்டுமானம் தொடங்கியது 2024இல். எங்கள் ஊரில் கட்டடம் இருந்தது, ஆள் இல்லை. அங்கே ஆள் இருந்தது, கட்டடம் இல்லை.

இவ்வளவும் கேட்டவர்கள், ஒப்புதல் என்ற ஏற்பாடே வேண்டா என்று நான் சொல்வதாகக் கருதக் கூடாது. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16ஆம் நாள் 94 குழந்தைகள் கூரை தீப்பற்றிக் கருகினார்கள். அன்று முதல், 'தீயணைப்புத் துறைச் சான்று எங்கே?' என்று கேட்டு வரும் அலுவலரிடம் நான் முகம் சுளித்ததில்லை. எழுந்து ஓட முடியாத நோயாளிகள் படுத்திருக்கும் இடத்துக்கு அந்தச் சான்று இன்னும் எத்தனை மடங்கு வேண்டும்! ஊடுகதிர்க் கருவி வைக்க அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம், மருத்துவக் கழிவை அகற்ற மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு, கருவைக் காணும் கருவிக்கு 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு என்று இருப்பவற்றில் எதையும் நீக்கச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

சொல்லப்போனால், சோதனை இல்லாமையாலும் நாம் இழந்திருக்கிறோம். தனியார் மருத்துவ நிலையங்களை முறைப்படுத்தத் தமிழ்நாடு 1997இலேயே சட்டம் இயற்றியது. அதை நடைமுறைப்படுத்தும் விதிகள் வெளிவந்தது 2018இல். அதாவது 21 ஆண்டுகள். சட்டம் பிறந்த ஆண்டில் பிறந்த குழந்தை, விதிகள் வருவதற்குள் பட்டப்படிப்பை முடித்திருக்கும்.

அமெரிக்காவில் ஒரு விந்தை. 1964இல் நியூயார்க் மாநிலம் ஒரு சட்டம் செய்தது: புதிய மருத்துவமனை கட்டுபவர், அது அவ்விடத்துக்குத் தேவைதான் என்று முதலில் மெய்ப்பித்துச் சான்று பெறவேண்டும். படுக்கையைப் போட்டால் நோயாளி தானே வந்து நிரம்பிவிடுவார், செலவு ஏறிவிடும் என்பது அவர்கள் அச்சம். 1974இல் நாடு முழுவதும் பரவிய இவ்வேற்பாடு, 1980களில் மத்தியச் சட்டம் நீங்கிய பிறகும் பல மாநிலங்களில் நீடிக்கிறது. அவர்கள் மிகுதியைக் கண்டு அஞ்சி ஒப்புதல் வைத்தார்கள். தேவை என்பதை மெய்ப்பிக்கும் பொறுப்பு அங்கே கட்டுபவருடையது. நம் சிற்றூர்களில் அது மாட்டுவண்டியில் போனவர்களுடையதாக இருந்தது.

அண்மைக்காலத்தில் எங்கள் பக்கத்தில் நல்லதும் நடந்திருக்கிறது. திருவள்ளூரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். ஆகவே அங்கிருந்த மாவட்டத் தலைமை மருத்துவமனை கல்லூரிக்கு உரியதாயிற்று. திருத்தணி அரசு மருத்துவமனையை மாவட்டத் தலைமை மருத்துவமனையாகத் தரம் உயர்த்தினார்கள். அச்செய்தியை என்னிடம் மகிழ்ச்சியோடு சொன்ன நண்பரிடம், "பணியிடங்களுக்கு அரசாணை வந்துவிட்டதா?" என்று கேட்டேன். அவருக்கு என்மேல் சற்று வருத்தம்.

பூட்டிக் கிடந்த அந்தக் கட்டடத்துக்கு நான் இரண்டாம் மனு எழுதினேன். இம்முறை முதலில் அவர்கள் சொல்வதை முழுவதும் கேட்டு, வரி வரியாகப் படித்துக் காட்டி, அவர்கள் தலையசைத்த பிறகே தாளைக் கொடுத்தேன். செவிலியர் பணியிடம் வந்தது. அந்த அம்மையார் பொறுப்பேற்ற அன்று பூட்டைத் திறக்க முடியவில்லை, துருப்பிடித்திருந்தது, உடைத்தார்கள். நிலம் தந்த உழவர் சூடம் ஏற்றினார். அம்மையார் உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, "குழாய் எங்கே சார்?" என்று என்னைக் கேட்டார். மதிப்பீட்டில் குடிநீர் இணைப்பு இல்லை. அன்று மாலை மணி அடித்தபின் மூன்றாம் மனுவுக்குத் தாள் எடுத்தேன்.