முதலில் ஒரு நாற்காலி

(விடுதி, உணவகப் பணிக்கான பயிற்சியை முடிக்கும் இளைஞர்களிடம், வேலூரில் தங்கும் விடுதி ஒன்றின் வரவேற்பாளராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்த பெண் பேசியதன் எழுத்து வடிவம்.)



எனக்கு மேடைப் பேச்சு வராது. வரவேற்பு மேசைக்குப் பின்னால் நின்று, "வாங்க, எத்தனை பேர்? எத்தனை நாள் தங்குவீங்க?" என்று கேட்டே வாழ்க்கையில் பாதியை ஓட்டியவள் நான். அதனால் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

வேலூர் காந்தி ரோடு பக்கம் போயிருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கடைப் பலகையில் வங்காள எழுத்து இருக்கும், மளிகைக் கடையில் கடுகு எண்ணெய் இருக்கும். 1900-ல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய சிறிய மருத்துவமனைதான் இன்றைய சி.எம்.சி. அங்கே வைத்தியம் பார்க்க மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், பங்களாதேஷ் என்று எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். அவர்கள் காட்பாடி ஜங்ஷனில் இறங்கி, மூட்டை முடிச்சோடு முதலில் வந்து நிற்பது எங்களைப் போன்ற லாட்ஜ் வாசலில்தான். சுற்றுலா வந்தவர் ரூம் சரியில்லை என்றால் சண்டை போடுவார். நோயாளியோடு வந்தவர் சண்டை போட மாட்டார், ஏனென்றால் அவருக்குத் தெம்பு இருக்காது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்தது இது. இரவு இரண்டு மணி இருக்கும். கணவன் மனைவி இரண்டு பேர் வந்தார்கள். அவருக்கு இந்தி அரைகுறை, எனக்கு அதுவும் இல்லை. அடையாள அட்டை நகல் கேட்டேன், அவரிடம் நகல் இல்லை. முன்பணம் கேட்டேன், சட்டைப் பைக்குள் கைவிட்டு எண்ணிக்கொண்டே இருந்தார். பதிவேட்டில் ஊர், பேர், வயது என்று ஒவ்வொன்றாக எழுத வைத்தேன். விதிப்படி எல்லாம் சரியாகத்தான் செய்தேன். ஆனால் பக்கத்தில் அந்த அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் பார்க்கவே இல்லை. திடீரென்று அப்படியே சரிந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்கள்.

மாடியைப் பெருக்கித் துடைக்கிற அக்கா ஒருத்தர் ஓடி வந்தாங்க. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அந்த அம்மாவைத் தூக்கி உட்கார வைச்சாங்க. அப்புறம் என் பக்கம் திரும்பி, "முதல்ல உட்கார வை பாப்பா, அப்புறம் பேரு கேளு" என்று மட்டும் சொன்னாங்க. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாளே நான் கற்றுக்கொண்ட வங்காள வார்த்தை 'போஷுன்'. 'உட்காருங்க' என்று அர்த்தம். அன்றிலிருந்து என் மேசைக்கு எதிரே இரண்டு நாற்காலி எப்போதும் காலியாக இருக்கும்படி பார்த்துக்கொண்டேன்.

தம்பி, தங்கைகளே, விதியை மீறச் சொல்லவில்லை. அடையாள அட்டை பார்த்துத்தான் ஆகணும். வெளிநாட்டுக்காரர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை ஆன்லைனில் பதிந்துதான் ஆகணும். அதையெல்லாம் அவர்கள் உட்கார்ந்த பிறகு செய்யலாம், அவ்வளவுதான்.

அடுத்தது, கேட்டுச் செய்யுங்கள். வந்தவருக்குத் தண்ணீர் கொடுப்பது நம்ம பழக்கம். ஆனால் டயாலிசிஸ் செய்கிறவர்களில் பலருக்குத் தண்ணீருக்குக்கூட அளவு உண்டு. சிலருக்கு உப்பு ஆகாது. "சாப்பிடுங்க, சாப்பிடுங்க" என்று வற்புறுத்துவது அவர்களுக்கு அன்பு இல்லை, தொல்லை. "குடிக்கலாமா? உப்பு குறைக்கணுமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பாஷை தெரியவில்லையா? கையில் போன் இருக்கு. மொழிபெயர்ப்பு செயலியில் சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். ஆனால் மருந்து, மாத்திரை விஷயத்துக்குச் செயலியை நம்பாதீர்கள். அதற்கு மருத்துவமனையிலேயே ஆளைக் கேட்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, கணக்கை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு நாள் வாடகை எவ்வளவு, அடுப்புக்கும் பாத்திரத்துக்கும் தனிக் காசா, வெந்நீர் எப்போது வரும், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பத்து நாள் என்று வந்தவர் நாற்பது நாள் தங்க நேரிடும். அப்போது பில்லில் புதிதாக ஒரு வரி வந்தால், சிரித்த முகத்தோடு நீங்கள் செய்த அத்தனை உபசாரமும் வீணாகிவிடும்.

இன்னொன்றும் உண்டு. பயிற்சிப் புத்தகத்தில் அது இருக்குமா தெரியாது. சில சமயம் இரண்டு பேராக வந்தவர், ஒருவராக வந்து சாவி கொடுப்பார். அந்த நேரத்தில் பில்லை நீட்டாதீர்கள். ஆறுதல் வார்த்தை தேட வேண்டாம், ஏனென்றால் நாம் எது சொன்னாலும் பொருந்தாது. அப்போதும் அதே நாற்காலிதான். உட்கார வையுங்கள். அறையில் இருக்கிற துணிமணியை மடித்துப் பையில் வைக்க ஒரு ஆளை அனுப்புங்கள். கணக்கை அவரே கேட்பார். நான் பார்த்தவரையில் கேட்காமல் போனவர் யாரும் இல்லை.

கடைசியாக உங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்கிறவரிடம் பொறுமையை எதிர்பார்க்க முடியாது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் ஒரு திருத்தம் வந்தது. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார, எல்லாப் பணியாளருக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும் என்கிறது 22-அ பிரிவு. துணிக்கடைக்கு மட்டும் இல்லை, உணவகத்துக்கும் தங்கும் விடுதிக்கும் சேர்த்துத்தான். இது உங்கள் உரிமை. கேட்டு வாங்குங்கள். நாளை நீங்களே மேற்பார்வையாளர் ஆனால், கேட்காமலே கொடுங்கள்.

இந்தப் பேச்சைப் போனில் படிக்கப் போகிற பொதுமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். விடுதிக்குப் போகும்போது, கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற 'மறைக்கப்பட்ட ஆதார்' நகலைப் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் நிற்கிற நேரம் குறையும். உங்கள் தகவலும் பத்திரமாக இருக்கும். அறையைத் துடைக்கிறவரின் பெயரையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எனக்குச் சொல்லிக்கொடுத்த அந்த அக்காவின் பெயரை நான் கேட்டது, சேர்ந்து மூன்று மாதம் கழித்துத்தான். அந்தத் தப்பை நீங்கள் செய்யாதீர்கள்.